தேன்கூட்டுக்குள் வாரிசுப் போர்

பள்ளிப் பாடநூலில் தேனீ வந்தால் அதன் பின்னாலேயே உழைப்பும் ஒற்றுமையும் வந்துவிடும். இது தவறன்று. நன்கு வளர்ந்த இத்தாலியத் தேனீப் பெட்டி ஒன்றைத் திறந்து பாருங்கள். முப்பதாயிரம், நாற்பதாயிரம் ஈக்கள் இருக்கும். சில நூறு ஆண் ஈக்களை விட்டுவிட்டால் மற்ற அத்தனையும் பெண்கள். கூட்டைப் பெருக்குவது, மெழுகு சுரந்து அடை கட்டுவது, புழுக்களுக்கு ஊட்டுவது, வாசலில் காவல் நிற்பது, மதுரமும் மகரந்தமும் கொண்டுவருவது ஆகிய எல்லாம் இவர்கள் வேலை. ஆனால் இத்தனை பெண்களில் முட்டையிட்டுத் தாயாவது ஒருத்தி மட்டுமே. அவளை இராணி என்கிறோம்.

மற்றவர்களை ‘மலடிகள்’ என்று சில நூல்கள் சொல்லிவிடுகின்றன. அது சரியான சொல் அன்று. வேலைக்காரத் தேனீயின் வயிற்றிலும் சூலகங்கள் உண்டு. அவை சிறுத்துக் கிடக்கின்றன, அவ்வளவுதான். அவளால் ஆண் ஈயோடு கூட முடியாது; ஆனால் கருவுறாத முட்டையை இட முடியும். அந்த முட்டையிலிருந்து உயிருள்ள, நலமான ஓர் ஆண் ஈ பிறக்கவும் முடியும். முடியும் என்றால் ஏன் இடுவதில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால், ஒற்றுமையின் மறுபக்கத்தில் முட்டைத் திருட்டும் காவலும் தண்டனையும் நிறைந்த வேறோர் உலகம் தெரிகிறது.

டார்வினின் இடர்ப்பாடு

1859ஆம் ஆண்டில் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற நூலில் சார்லஸ் டார்வின் இந்தப் பூச்சிகளைக் கண்டு தயங்கி நின்றார். இயற்கைத் தேர்வு என்றால் என்ன? ஓர் உயிருக்கு நன்மை தரும் பண்பு அதன் சந்ததி வழியே பரவுவது. சந்ததியே இல்லாத வேலைக்கார எறும்பின் பண்புகள் எப்படிப் பரவும்? தம் கொள்கை முழுவதையும் கவிழ்த்துவிடக்கூடிய தடையாகவே இது முதலில் தமக்குத் தோன்றியதாக அவர் எழுதினார். தேர்வு என்பது தனி உயிரின்மீது மட்டுமன்றிக் குடும்பத்தின்மீதும் செயல்படலாம் என்று விடைக்கு ஒரு வழியும் காட்டினார். மரபணு என்ற கருத்தே அறிமுகமாகாத காலத்தில் அதற்குமேல் செல்ல அவருக்கு வழியில்லை.

அதைக் கணக்காக எழுதியவர் வில்லியம் ஹாமில்டன் என்ற ஆங்கிலேயர். 1964ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரைகளின் சாரத்தை ஒரே வரியில் சொல்லலாம். என் மரபணு அடுத்த தலைமுறைக்குப் போவதற்கு நான்தான் பிள்ளை பெறவேண்டும் என்பதில்லை. அதே மரபணுவைத் தாங்கியிருக்கும் என் உறவினர் பெற்றாலும் போதும். உதவியால் உறவினருக்குக் கிடைக்கும் நன்மையை உறவின் அளவால் பெருக்கி வரும் தொகை, உதவுபவர் அடையும் இழப்பைவிடக் கூடுதலாக இருந்தால் உதவும் குணம் பரவும்.

அப்படியானால் ‘உறவின் அளவு’ என்பதை எப்படிக் கணக்கிடுவது? தேனீயில் இது நம்மைப் போன்றதன்று.

தந்தையில்லாத மகன்

ஆண் தேனீக்குத் தந்தை கிடையாது. இதைக் கண்டு சொன்னவர் சைலீசியாப் பகுதியில் வாழ்ந்த யான் ஜெர்சோன் என்ற பாதிரியார். அவர் தேனீ வளர்ப்பிலும் வல்லவர். 1845ஆம் ஆண்டில் அவர் இந்தக் கருத்தை வெளியிட்டபோது பலர் நம்ப மறுத்தார்கள். பின்னர் நுண்ணோக்கி அவர் பக்கம் நின்றது. இராணி தன் வயிற்றில் சேமித்து வைத்திருக்கும் விந்தணுவைச் சேர்த்து இட்ட முட்டை பெண்ணாகும். சேர்க்காமல் இட்டது ஆணாகும். எனவே பெண் ஈக்கு 32 குரோமோசோம்கள், ஆண் ஈக்கு 16. எறும்பும் குளவியும் இதே முறையைப் பின்பற்றுபவைதாம்.

இதன் விளைவைப் பாருங்கள். ஆணிடம் இருப்பது ஒரே தொகுதி ஆதலால் அவனுடைய விந்தணுக்கள் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல ஒன்றே. ஒரே தந்தைக்குப் பிறந்த இரு சகோதரிகள் தந்தைவழி வந்த பாதியில் சிறிதும் வேறுபடுவதில்லை. தாய்வழிப் பாதியில் சராசரியாகச் சரிபாதி ஒத்துப்போகும். அரையும் காலும் சேர்ந்து முக்கால். தாய்க்கும் மகளுக்கும் உள்ள உறவோ அரைதான். பெற்ற மகளைவிடக் கூடப்பிறந்தவள் நெருங்கியவள்!

இந்த ‘முக்கால்’ கணக்கு வெளிவந்ததும் உயிரியல் உலகம் மயங்கிப்போயிற்று. சகோதரிகளை வளர்ப்பது மகளைப் பெறுவதைவிட இலாபம் என்றால் வேலைக்காரத் தேனீயின் தியாகம் விளங்கிவிட்டதன்றோ? அவசரப்பட வேண்டாம். அதே கணக்கில் சகோதரனோடு உள்ள உறவு வெறும் கால்தான். சகோதரியால் கிடைக்கும் இலாபத்தைச் சகோதரன் தின்றுவிடுகிறான். மேலும் கறையானுக்கு ஆணும் பெண்ணும் இரட்டைத் தொகுதி உடையவை. அங்கே முக்கால் என்ற பேச்சே இல்லை. இருந்தும் இலட்சக்கணக்கில் கூடி வாழ்கின்றன. இப்போது அறிஞர்கள் வேறொன்றுக்கு அழுத்தம் தருகிறார்கள். 2008ஆம் ஆண்டில் எறும்பு, தேனீ, குளவி வகைகள் 267 இனங்களை ஒப்பிட்டு வெளியான ஆய்வு ஒன்று, கூட்டு வாழ்வு தோன்றிய காலத்தில் அவற்றின் மூதாதைப் பெண்கள் ஒரே ஆணோடு மட்டும் கூடியவை என்று காட்டியது. தாய் ஒருத்தி, தந்தை ஒருவன் என்றால், தாயின் பிள்ளைகளை வளர்ப்பதும் சொந்தப் பிள்ளைகளை வளர்ப்பதும் சராசரியில் சமம். அதற்குமேல் கூட்டு வாழ்வின் சிறு நன்மைகூடத் தராசைச் சாய்த்துவிடும். பல ஆண்களோடு கூடும் வழக்கம் பிற்காலத்தில், வேலைக்காரிகள் திரும்பிப் போக முடியாத நிலை வந்த பிறகே ஏற்பட்டது.

முக்கால் கணக்கு தோற்றதென்று ஒதுக்கிவிட முடியாது. கூடு ஏன் தோன்றியது என்பதைவிட, கூட்டுக்குள் யாரோடு யார் முரண்படுவார்கள் என்பதை அது அழகாகச் சொல்லிவிடுகிறது.

காலா, அரைக்காலா?

வேலைக்காரத் தேனீ ஒருத்தியின் நிலையில் நின்று பார்ப்போம். கூட்டில் ஆண் ஈக்கள் வளர வேண்டும். யாருடைய மகன்கள் வளரலாம்? அவள் தானே பெற்ற மகனோடு அவளுக்கு உறவு அரை. இராணியின் மகன், அதாவது அவளுடைய சகோதரன், கால். ஆகவே தன் மகன் வளர்வதே அவளுக்கு மேல். இராணிக்கோ தன் மகன் அரை, பேரன் கால். இங்கேயே தாய்க்கும் மகளுக்கும் வழக்கு தொடங்கிவிடுகிறது.

சரி, மற்றொரு வேலைக்காரி முட்டையிட்டால்? ஒரே தந்தைக்குப் பிறந்த சகோதரியின் மகன் என்றால் உறவு முக்காலில் பாதி. நம் பழைய வாய்ப்பாட்டில் சொன்னால் காலே அரைக்கால். இது காலைவிடப் பெரிது. ஆகவே இராணி ஒரே ஆணோடு கூடிய கூட்டில் சகோதரியின் மகனை வளர்ப்பது சகோதரனை வளர்ப்பதைவிட இலாபம்.

ஆனால் தேனீ இராணி ஒருவனோடு நிற்பதில்லை. வாழ்நாளின் தொடக்கத்தில் வானில் பறந்து பத்து, இருபது ஆண்களோடு கூடிவிட்டுத்தான் கூட்டுக்குத் திரும்புகிறாள். அதனால் கூட்டில் பெரும்பாலோர் தாய் ஒன்று, தந்தை வேறான சகோதரிகள். அப்படிப்பட்ட சகோதரியின் மகனோடு உறவு அரைக்கால்தான். பத்துத் தந்தையர் என்று வைத்துச் சராசரி போட்டால் 0.15 வருகிறது. சகோதரனோடு உள்ள 0.25ஐ விட இது குறைவு. கணக்கு தலைகீழாகிவிட்டது! ஒவ்வொருத்திக்கும் தான் முட்டையிடவேண்டும். பிற வேலைக்காரிகள் யாரும் இடக்கூடாது.

1988ஆம் ஆண்டில் ஃபிரான்சிஸ் ராட்னீக்ஸ் இந்தக் கணக்கை விரித்து எழுதி ஒரு முன்னறிவிப்பும் செய்தார். அப்படிப்பட்ட கூட்டில் வேலைக்காரிகள் ஒருவரையொருவர் காவல் செய்வார்கள் என்பதே அது. இதை ஒத்த எண்ணத்தை அவருக்குச் சற்று முன்பே வேறு சிலரும் வெளியிட்டிருந்தனர். அதைக் கூட்டில் வைத்துச் சோதித்துப் பார்த்ததுதான் அடுத்த ஆண்டில் பெயர் பெற்றது.

முட்டை தின்னும் காவலர்கள்

சோதனை மிக எளிது. இராணியை இழந்த கூடுகளில் வேலைக்காரிகள் முட்டையிடத் தொடங்கிவிடுவார்கள் என்பது தேனீ வளர்ப்போர் அறிந்ததே. ராட்னீக்ஸும் கிர்க் விஷரும் அத்தகைய முட்டைகளை எடுத்தார்கள். இராணி இட்ட ஆண் முட்டைகளையும் எடுத்தார்கள். இரண்டும் கருவுறாதவை, பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை. இரண்டையும் ஆண் ஈ வளரும் அறைகளில் வைத்து, இராணி உள்ள ஒரு கூட்டில், இராணி அணுக முடியாத பகுதியில் செருகினார்கள். பிறகு எண்ணிக்கொண்டே வந்தார்கள்.

ஒரு நாள் கழிவதற்குள் வேலைக்காரிகளின் முட்டைகள் ஏறத்தாழ எல்லாம் மறைந்துவிட்டன. இராணியின் முட்டைகளில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. மறைந்தவை எங்கே போயின? மற்ற வேலைக்காரிகளின் வயிற்றுக்குள். அறை அறையாகத் தலையை நுழைத்துப் பார்த்து, ஐயத்துக்குரிய முட்டையைத் தின்றுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். இராணியின் முட்டையில் ஏதோ ஒரு மண அடையாளம் இருக்கவேண்டும். அது எந்தச் சுரப்பியிலிருந்து வருகிறது என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு.

காவல் எவ்வளவு கடுமையானது தெரியுமா? இராணி உள்ள கூட்டில் இடப்படும் ஆண் முட்டைகளில் நூற்றுக்கு ஏழு வேலைக்காரிகளுடையவை என்று விஷர் கணித்தார். வளர்ந்து இறக்கை முளைத்து வெளிவரும் ஆண் ஈக்களிலோ ஆயிரத்துக்கு ஒன்று அளவே அவர்களுடைய மகன்கள். நம் ஊர் அடுக்குத் தேனீயிலும் கொம்புத் தேனீயிலும் இந்தக் காவல் உண்டென்று பின்னர் கண்டார்கள். அடுக்குத் தேனீயின் வேலைக்காரிகள் ஒரு படி துணிச்சல்காரிகள். இராணி இருக்கும்போதே சூலகம் வளர்ந்தவர்கள் இத்தாலியத் தேனீயைவிட இவற்றில் அதிகம்.

இராணி இறந்து, புது இராணியை வளர்க்கத்தக்க இளம் புழுவும் இல்லாமல் போனால் காவல் கலைந்துவிடுகிறது. ஒரே அறையில் இரண்டு, மூன்று, சில வேளை அதற்கும் மேல் முட்டைகள்; வேலைக்காரிக்குரிய சிறிய அறைகளில் புடைத்த மூடிகளோடு ஆண் கூட்டுப்புழுக்கள். அனுபவமுள்ள வளர்ப்பாளர் இதைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவார். வளர்ப்பாளருக்குத்தான் அது நஷ்டம். கூட்டைப் பொறுத்தவரை, அழிவதற்கு முன் கடைசியாக ஒரு தலைமுறை ஆண்களை வானில் அனுப்பிவிட்டுப் போகும் ஏற்பாடு அது.

இதிலிருந்து எழும் கேள்வி சிறியதன்று. வேலைக்காரியின் தன்னலமின்மை பிறவிக் குணமா, காவலுக்கு அஞ்சிய ஒழுக்கமா? 2006ஆம் ஆண்டில் டாம் வென்செலியர்ஸும் ராட்னீக்ஸும் ஒன்பது குளவி இனங்களையும் தேனீயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எங்கே காவல் திறமையாக நடக்கிறதோ அங்கே முட்டையிட முயலும் வேலைக்காரிகள் குறைவு. பயனற்ற முயற்சியில் இறங்காமல் இருப்பதே இலாபம் என்று தேர்வு அவர்களை வழிப்படுத்தியிருக்கிறது. ஆனால் இராணியை நீக்கிவிட்டுப் பார்த்தால் உறவின் சொந்த வலிமை வெளிப்படுகிறது. உறவு நெருக்கமான இனங்களில் அப்போதும் முட்டையிடுவோர் குறைவே. ஆக இரண்டும் உண்மை; இரண்டின் விகிதம் இனத்துக்கு இனம் மாறுகிறது. ‘காவல்’, ‘சட்டம்’ என்பவை நம் சொற்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. முட்டையைத் தின்னும் ஈக்கு அரைக்கால் கணக்கும் தெரியாது, அரசியலும் தெரியாது.

சட்டத்தை மீறியவர்கள்

காவல் இருக்குமிடத்தில் ஏய்ப்பவர்களும் இருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஒரு கூட்டில், இராணி நலமாக இருக்கும்போதே வேலைக்காரிகளின் மகன்கள் ஏராளமாக வளர்ந்துவருவதை பெஞ்சமின் ஓல்ட்ராய்டும் அவர் குழுவினரும் 1994ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அந்த முட்டைகள் காவலர் கண்ணுக்குத் தப்பின. இத்தகைய கூடுகள் அரிதினும் அரிது. பொது உழைப்பு குறைந்தால் கூடு நலிவது திண்ணம்.

இதைவிடப் பெரிய கலகம் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. நன்னம்பிக்கை முனைப் பகுதியில் வாழும் கேப் தேனீயின் வேலைக்காரி ஒரு விந்தை உயிர். அவள் இடும் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறப்பதில்லை. பெண் பிறக்கிறது, அதுவும் ஏறக்குறைய தாயின் அச்சு நகலாக. உறவு அரையன்று, முழு ஒன்று. 1990ஆம் ஆண்டில் இந்தத் தேனீப் பெட்டிகள் வடக்கே, ஆப்பிரிக்கத் தேனீ வளர்க்கப்படும் வட்டாரங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கேப் வேலைக்காரிகள் அங்குள்ள கூடுகளில் நுழைந்தார்கள். அவர்கள் முட்டைகள் காவலுக்குத் தப்பின. பிறந்த மகள்களும் உழைக்கவில்லை, முட்டையிட்டார்கள். உழைப்பவர் குறையக் குறையக் கூடு நொடித்துப்போகும். கலகக்காரிகள் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள். எண்ணற்ற பெட்டிகள் பாழாயின. மரபியல் சோதனையில் தெரிந்த செய்தி அதைவிட வியப்பு. நாசம் செய்த அத்தனை ஈக்களும் அக்காலத்தில் வாழ்ந்த ஒரே ஒரு வேலைக்காரியின் வழித்தோன்றல்கள். உடலுக்குள் கட்டுப்பாடிழந்த ஓர் அணு புற்றாகப் பெருகுவதை இது நினைவூட்டுகிறது.

தொட்டிலிலேயே பூசல்

யார் இராணி, யார் வேலைக்காரி என்பதிலும் முரண்பாடு உண்டு. சாதாரணத் தேனீயில் புழுவுக்கு அதில் வாய்ப்பில்லை. வளர்ப்பவர்கள் கொடுக்கும் உணவும் கட்டித்தரும் அறையின் அளவும் அதன் விதியை முடிவு செய்கின்றன. அமெரிக்க வெப்ப நாடுகளில் வாழும் மெலிபோனா என்னும் கொடுக்கில்லாத் தேனீயில் நிலைமை வேறு. அங்கே எல்லா அறையும் ஒரே அளவு; உணவையும் முன்பே நிரப்பி மூடிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் புழு தன் விருப்பம்போல் வளரலாம். விளைவு என்ன? பெண் புழுக்களில் ஐந்தில் ஒரு பங்குவரை இராணியாகிவிடுகின்றன. கூட்டுக்குத் தேவையோ எப்போதாவது ஒருத்தி. வெளிவந்த உபரி இராணிகளை வேலைக்காரிகள் கடித்துக் கொன்று குப்பையோடு வெளியேற்றுகிறார்கள்.

ஆண், பெண் விகிதத்திலும் இழுபறி நடக்கிறது. 1976ஆம் ஆண்டில் ராபர்ட் ட்ரிவர்ஸும் ஹோப் ஹேரும் இதைச் சுட்டினார்கள். இராணிக்கு மகனும் மகளும் சமம்; வேலைக்காரிகளுக்குச் சகோதரி முக்கால், சகோதரன் கால். ஃபார்மிக்கா என்ற ஐரோப்பிய எறும்பில், இராணி ஒரே ஆணோடு கூடிய கூடுகளில் வேலைக்காரிகள் ஆண் புழுக்களை அழித்து விகிதத்தைப் பெண் பக்கம் திருப்புவதை 1996ஆம் ஆண்டில் காட்டினார்கள்.

நம் நாட்டுக் கூடுகளில்

இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டுப் பூச்சிகளுக்கும் சிறப்பிடம் உண்டு. துள்ளிப் பாய்ந்து இரை பிடிக்கும் ஹார்பெக்னேத்தஸ் என்ற எறும்பு இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கிறது. கருநாடகத்தின் ஜோக் அருவிப் பகுதியில் பிடித்த கூடுகளைக் கொண்டு பல ஆய்வுகள் நடந்தன. இதன் இராணி இறந்தால் வேலைக்காரிகள் எதிரெதிரே நின்று உணர்கொம்புகளால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும் பந்தயத்தைத் தொடங்குகிறார்கள். அது வாரக்கணக்கில் நீடிக்கும். வென்ற சிலருக்குச் சூலகம் வளர்கிறது. ஆயுள் மாதக் கணக்கிலிருந்து ஆண்டுக் கணக்காக நீள்கிறது. மூளையோ நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது! அளவுக்கு மேல் ஒருத்தி முட்டையிட முனைந்தால் மற்றவர்கள் அவளைக் கவ்விப் பிடித்து அடக்கிவிடுகிறார்கள். அவள் மீண்டும் வேலைக்காரியாகிறாள். சுருங்கிய மூளை மீண்டும் வளர்ந்துவிடுவதை 2021ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள்.

டையகாமா என்ற எறும்பில் இராணி வகையே இல்லை. எல்லாப் பெண்களும் மார்பில் இரு சிறு மொட்டுப் போன்ற உறுப்புகளோடு பிறக்கிறார்கள். அதிகாரத்தில் இருப்பவள் புதிதாய்ப் பிறந்தவளின் மொட்டுகளைக் கடித்து எடுத்துவிடுகிறாள். மொட்டிழந்தவள் இனி ஆணோடு கூடமாட்டாள். வாழ்நாள் முழுதும் வேலைக்காரிதான். நீலகிரியில் வாழும் டையகாமா எறும்புகளிடையே மட்டும் இந்தக் கொடுமை இல்லை. அங்கே மொட்டுகளைக் கடிப்பதில்லை. ஒருத்தி தன் ஆதிக்கத்தாலேயே மற்றவர்களை அடக்கிவைக்கிறாள்.

சன்னல் ஓரத்திலும் இறவாரத்திலும் சாம்பல் நிறக் காகிதம் போன்ற கூடு கட்டும் ரோப்பலிடியா குளவியைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல்லாண்டுகள் இந்தக் குளவியை ஆராய்ந்தார். இதில் இராணிக்கும் வேலைக்காரிக்கும் உருவ வேறுபாடு இல்லை. தனியே பிரித்து வைத்தால் ஏறத்தாழ பாதிப் பெண்கள் தாமே கூடு கட்டி முட்டையிடுகிறார்கள். பின் ஏன் மற்றவளுக்கு உழைக்கவேண்டும்? கடக்கர் உறவுக் கணக்கோடு ஆயுள் கணக்கையும் சேர்த்தார். தனியே வாழும் குளவி இடையில் இறந்தால் அவள் புழுக்கள் எல்லாம் சாகும். கூட்டில் உழைப்பவள் இடையில் இறந்தாலும் அவள் தொடங்கிய வேலையை மற்றவள் முடிப்பாள், உழைப்பு வீணாவதில்லை.

இந்தக் கூட்டின் இராணி யாரையும் அடிப்பதில்லை, விரட்டுவதில்லை. சாதுவாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். தன் இருப்பை மணத்தால் மட்டும் தெரிவிக்கிறது. அதை எடுத்துவிட்டால் சில நிமிடங்களில் ஒரு வேலைக்காரி திடீரெனச் சீறத் தொடங்குகிறாள். அவளை யாரும் எதிர்ப்பதில்லை. ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிட்டுத் தானும் சாதுவாகிவிடுகிறாள். அவளையும் எடுத்தால் அடுத்தவள். இப்படி ஐந்து வாரிசுகள்வரை ஒருத்திபின் ஒருத்தியாக, சண்டை சச்சரவின்றிப் பதவிக்கு வந்ததை 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. வயதில் மூத்தவளுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் எப்போதும் அவளே வருவதில்லை. இராணி இருக்கும்வரை அடுத்தவள் யார் என்பதை ஆய்வாளர்களால் நடத்தையைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. குளவிகள் தங்களுக்குள் அறிந்து வைத்திருப்பதாகவே தெரிகிறது.